சின்ன ஊரில் கோ-வொர்க்கிங் இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகராட்சி, பேரூராட்சி மன்றத்தினர், வணிகர் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், கடைவீதியில் மாடியைக் காலியாக வைத்திருப்பவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. கோ-வொர்க்கிங் இடம் என்றால் வெவ்வேறு வேலை செய்பவர்கள் கட்டணம் கட்டி மேசை எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் பொது அலுவலகம். ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் பேர் வரை வசிக்கும் தமிழ்நாட்டு ஊர்களில் 20 முதல் 40 இருக்கை கொண்ட இடத்தை மனதில் வைத்தே கணக்குகள் போடப்பட்டுள்ளன.

கோ-வொர்க்கிங் இடம் வந்தால் ஊருக்கு என்ன லாபம்?

வெளியூரில் இருந்து வரும் சம்பளம் உள்ளூரில் செலவாகிறது. மற்ற லாபங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சென்னை, பெங்களூரு நிறுவனம் ஒன்றில் மாதம் 45,000 ரூபாய் வாங்கும் ஒருவர் அங்கேயே தங்கினால் அறை வாடகை, மெஸ், போக்குவரத்து என்று பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். மிச்சம் மட்டும்தான் வீட்டுக்கு வரும். அதே ஆள் சொந்த ஊரில் இருந்து வேலை பார்த்தால் மளிகை, பள்ளிக் கட்டணம், மருத்துவம், வீடு கட்டும் செலவு என்று அந்தப் பணம் ஊரில் சுற்றும். உள்ளூர்க் கடைகள் ஒன்றிடம் ஒன்று வாங்கி விற்பதில் ஊருக்குள் புதுப் பணம் நுழைவதில்லை. நெசவு, விவசாயம், சிறு ஆலைகள் ஆகியவை வெளியில் விற்றுப் பணம் கொண்டுவருவதைப் போலத்தான் கணினி வேலையும். அந்த வேலையை ஊரில் இருந்தே செய்ய நம்பகமான மின்சாரம், இணையம், அமைதியான ஒரு மேசை வேண்டும். இவை மூன்றும் வீட்டில் ஒரே நேரத்தில் அமைவது கஷ்டம்.

இது வேலைவாய்ப்பை உருவாக்குமா?

நேரடியாக இரண்டு பேருக்கு: ஒரு மேலாளர், ஒரு துப்புரவுப் பணியாளர். அதற்கு மேல் யாராவது கணக்குக் காட்டினால் கேள்வி கேளுங்கள். இருக்கிற வேலையோடு ஒருவர் ஊரில் தங்க இந்த இடம் உதவும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சின்ன நிறுவனம் தொடங்கும்போது முதல் வருட வாடகைச் சுமையைக் குறைக்கும். படித்த பிள்ளைகள் கையில் தொழிலே இல்லாத ஊரில் மேசை போட்டு வைத்தால் மேசைதான் இருக்கும். அங்கே முதலில் வேண்டியது பயிற்சி.

இப்படி எங்காவது நடந்திருக்கிறதா?

அயர்லாந்தின் தென்மேற்கில் ஸ்கிபரீன் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. அங்கே 2016இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து பழைய பேக்கரிக் கட்டடம் ஒன்றை ‘லட்கேட் ஹப்’ என்ற பணியிடமாக மாற்றினார்கள். 1883இல் அவ்வூரில் பிறந்து, பின்னாளில் கணக்கிடும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்த பெர்சி லட்கேட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். மேசை நாற்காலிக்கு முன்பாக அவர்கள் ஊருக்குக் கொண்டுவந்தது நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள கண்ணாடி இழை இணைப்பை. மின்வாரியமும் வோடபோனும் கூட்டாக நடத்தும் சிரோ நிறுவனம் அதைக் கொடுத்தது. பின்னர் 2021இல் அயர்லாந்து அரசு இப்படிப்பட்ட இடங்களை ஒரே முன்பதிவுத் தளத்தில் இணைக்கத் தொடங்கியது.

நம் பக்கத்தில், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ அலுவலகம் இயங்குகிறது. கிராமத்தில் இருந்தபடியே உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது ஒரே நிறுவனத்தின் அலுவலகம். அந்த நிறுவனத்தில் இல்லாதவருக்கும் மேசை கிடைக்க வேண்டும் என்றால் பொது இடம் வேண்டும். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் அந்த வகை. அரைநாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100, மாதத்துக்கு 2,500 என்ற கட்டணத்தில் அது தொடங்கியது. அரசு தரப்பில் விலை எங்கே நிற்கிறது என்பதற்கு அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

மினி டைடல் பூங்காக்கள் வந்துகொண்டிருக்கின்றனவே, இது தனியாக எதற்கு?

மினி டைடல் என்பவை மாவட்டங்களில் அரசு கட்டும் ஐடி கட்டடங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் திறந்தது சுமார் 63,000 சதுர அடி. அதே ஆண்டில் தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியிலும் திறந்தார்கள். அவை ஆட்களோடு வரும் நிறுவனங்களுக்கான இடங்கள். ஒற்றை ஆளாக வரும் வடிவமைப்பாளருக்கோ, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மேசை வேண்டியவருக்கோ வீட்டில் இருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பதுதான் பயன்படும். கோ-வொர்க்கிங்கில் நான்கு பேராக இருந்து இருபது பேராக வளர்ந்த குழு டைடலுக்குப் போனால் அது நல்ல செய்தி. அதை வாடிக்கையாளர் இழப்பாகப் பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊரில் ஆள் வருவார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“திறந்தால் வருவீர்களா?” என்று கேட்டு கூகுள் ஃபார்ம் அனுப்பினால் எல்லோரும் “கண்டிப்பாக” என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக் கட்டடம் எடுக்காதீர்கள். ஒரு மாத முன்பணம் கேளுங்கள், திறக்காவிட்டால் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து. 30 இருக்கைக்குத் திட்டமிட்டால், வேலை தொடங்கும் முன்பே 10 பேரின் முன்பணம் கையில் இருக்க வேண்டும். அவ்வளவு சேரவில்லையா, 12 இருக்கையில் தொடங்குங்கள்.

யாரைத் தேடுவது? ஐடி ஊழியர்கள் மட்டும் என்று நினைத்தால் பாதிப் பேரைத் தவறவிடுவீர்கள். ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கல் செய்பவர்கள், ஆட்டோகேட் வரைவாளர்கள், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்கள், வீடியோ எடிட்டர்கள், ஆன்லைன் டியூஷன் எடுக்கும் ஆசிரியைகள், மெடிக்கல் கோடிங் (மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலை) செய்பவர்கள், ஏற்றுமதி நிறுவனங்களில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் என்று பட்டியல் நீளம். ஊரில் இணைய இணைப்பு கொடுக்கும் கேபிள் ஆபரேட்டரைக் கேளுங்கள். எந்தத் தெருவில் யார் பகலெல்லாம் வீடியோ காலில் இருக்கிறார், யார் அதிக வேகத் திட்டம் கேட்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் மூலமாகவே சந்திக்கச் சொல்லி அழையுங்கள். எண்ணை வாங்கி நீங்களாக அழைப்பது முறையல்ல.

எவ்வளவு இடம் வேண்டும்? எங்கே எடுப்பது?

நடைபாதை, கழிப்பறை, சந்திப்பு அறை எல்லாம் சேர்த்து ஓர் இருக்கைக்கு 50 சதுர அடி வைத்துக்கொள்ளுங்கள். 30 இருக்கைக்கு 1,500 சதுர அடி. மேசை நாலடிக்கு இரண்டடி. மூன்றடி மேசை போட்டால் இன்னும் பத்துப் பேரை உட்கார வைக்கலாம் என்று தச்சர் சொல்வார். மடிக்கணினியும் ஒரு மானிட்டரும் நோட்டும் வைத்தால் பக்கத்து ஆளின் முழங்கை இடிக்கும். முன்னறை அலங்காரத்தில் மிச்சம் பிடித்து, உயரம் கூட்டிக் குறைக்கும் நல்ல நாற்காலி வாங்குங்கள். முதுகு வலித்தவர் இரண்டாம் மாதம் வரமாட்டார்.

பேருந்து நிலையத்தில் இருந்து நடக்கும் தூரம், 20 இருசக்கர வாகனம் நிறுத்த இடம், தனிப் படிக்கட்டு, ஆண் பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை. முதல் மாடி நல்லது. கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். முகூர்த்த நாளில் காலை முதல் ஒலிபெருக்கி பாடும், அன்று யாரும் வாடிக்கையாளரோடு பேச முடியாது. கோயில் திருவிழாவுக்கு எந்தத் தெருவில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள் என்றும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இணையம் எப்படி அமைக்க வேண்டும்?

இரண்டு நிறுவனங்களின் இரண்டு இணைப்பு, இரண்டு வேறு வழியில். இந்தப் பதிலின் முக்கியப் பாதி கடைசியில் இருக்கிறது. இரண்டு கம்பெனி என்றாலும் ஒரே மின்கம்பத்தில் இரண்டு கேபிளும் தொங்கினால், ஜல்லி லாரி ஒன்று உரசினால் போதும், இரண்டும் சேர்ந்து அறுந்துவிடும். தெருமுனை வரை நடந்து போய், கேபிள் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குத் தானாக மாறும் இரட்டை இணைப்பு ரவுட்டர் வைக்க வேண்டும்.

வேகத்தில் பதிவேற்ற வேகத்தைக் கேளுங்கள். நல்ல தரத்தில் ஒரு வீடியோ காலுக்குப் பதிவேற்றம் 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு 3 மெகாபிட்) வரை போகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் 30. எனவே 25 பேருக்கு இரு பக்கமும் 200 எம்பிபிஎஸ் இருந்தால் நிம்மதி.

வீட்டுத் திட்டத்தைப் போட்டு ஓட்டப் பார்ப்பார்கள் பலர். “வரம்பற்றது” என்று விற்கும் பல வீட்டுத் திட்டங்களில் மாதம் சுமார் 3,300 ஜிபி வரம்பு உண்டு, தாண்டினால் வேகம் குறையும். 25 பேர், 26 நாள், ஆளுக்கு நாளைக்கு 5 ஜிபி என்றாலே 3,250 ஜிபி, கொஞ்சம் கூடினாலும் வரம்பைத் தாண்டிவிடும். மாதக் கடைசி மூன்று நாள் திடீரென்று எல்லோருக்கும் வீடியோ கால் தடுமாறுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். வணிகத் திட்டம் எடுங்கள். இரண்டாவது இணைப்பாக வேண்டுமானால் சாதாரணத் திட்டம் போதும், அதுவும் வணிகப் பெயரில்.

கம்பெனி கொடுக்கும் பெட்டியின் வைஃபை பதினைந்து இருபது கருவி சேர்ந்ததும் திணறும். கூரையில் பொருத்தும் இரண்டு அக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் கருவி) போட்டு, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கேட்-6 இணையக் கேபிளும் இழுத்துவிடுங்கள். சுவர் பூச்சுக்கு முன் இழுத்தால் செலவு குறைவு. ஆளுக்கு ஒரு தனிக் கடவுச்சொல் கொடுங்கள். சுவரில் ஒட்டிய ஒரே கடவுச்சொல் ஒரு வாரத்தில் கீழே டீக்கடை வரை போய்விடும். யாராவது தவறாகப் பயன்படுத்தினால் யார் என்று காட்டவும் முடியாது.

மின்வெட்டுக்கு என்ன செய்வது?

மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை நிறுத்தும் நாட்களில்தான் உங்கள் இடத்தின் மதிப்பு தெரியும். அன்று வீட்டில் வேலை பார்ப்பவர்களும் தேடி வருவார்கள். அன்று உங்கள் விளக்கும் அணைந்தால் அதன்பிறகு நம்பமாட்டார்கள்.

25 மடிக்கணினி, தலா 50 வாட் என்றால் 1,250. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி பத்து, தலா 30 வாட், 300. எல்இடி குழல் விளக்கு இருபது, தலா 20 வாட், 400. ரவுட்டர், கேமரா வகைக்கு 150. மொத்தம் 2,100 வாட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு, 5 கேவிஏ இன்வெர்ட்டர் என்று வையுங்கள். காகிதத்தில் 14,400 வாட்-மணி வரும். பேட்டரியை முழுக்க வடிய விடக் கூடாது, வேகமாக எடுத்தால் கொள்ளளவு குறையும், இன்வெர்ட்டரிலும் இழப்பு உண்டு. எனவே கைக்குக் கிடைப்பது அதில் அறுபது சதவீதம், சுமார் 8,600. நான்கு மணி நேரம் ஓடும். ஐந்தாவது மணி நேரத்துக்கு ஏறக்குறைய எல்லா விளக்குகளையும் முதலிலேயே அணைக்க வேண்டும், அல்லது பேட்டரியைக் கூட்ட வேண்டும். பழைய 75 வாட் விசிறியே போதும் என்று விட்டால் முக்கால் மணி நேரம் குறையும். ஏசியை இன்வெர்ட்டரில் போடக் கூடாது, அதற்கு ஜெனரேட்டர்தான்.

பேட்டரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், மூடிய அலமாரி ஆபத்து. மாதம் ஒரு முறை வடிநீர் அளவு பார்க்க ஓர் ஆளின் பெயரைக் குறித்து வையுங்கள். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்ட பேட்டரிகள்தான் இரண்டாவது கோடையில் சாகின்றன.

இன்னொன்று. உங்களிடம் மின்சாரம் இருந்தும் இணையம் போகலாம். கேபிள் ஆபரேட்டர் தெருவில் கம்பத்துப் பெட்டிக்குள் இணையத்தைப் பிரித்து அனுப்பும், மின்சாரத்தில் இயங்கும் ஸ்விட்ச் கருவி வைத்திருந்தால், தெருவில் கரன்ட் போனதும் அது செத்துவிடும். ஆபரேட்டரின் கட்டுப்பாட்டு அறையில் இருந்து உங்கள் மாடி வரை நடுவில் மின்சாரம் தேவைப்படாத கண்ணாடி இழை இணைப்பா, கட்டுப்பாட்டு அறைக்கு எத்தனை மணி நேர பேட்டரி இருக்கிறது என்ற இரண்டு கேள்வியையும் ஒப்பந்தத்துக்கு முன் கேளுங்கள்.

எல்லோரும் ஒரே அறையில் பேசினால் எப்படி வேலை நடக்கும்?

நடக்காது. வழவழப்பான டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடித் தடுப்பு உள்ள ஹாலில் ஒருவர் பேசினால் மூன்று பேர் பேசுவது போல் எதிரொலிக்கும். கனமான திரைச்சீலை, சுவரில் கார்க் பலகை, புத்தக அலமாரி, தரையில் விரிப்பு என்று மென்மையான பரப்பைக் கூட்டினால் எதிரொலி அடங்கும். பத்து இருக்கைக்கு ஒரு போன் அறை கட்டுங்கள்: நாலடிக்கு நாலடி, உள்ளே சின்ன வெளியேற்று விசிறி, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. விசிறி இல்லாத போன் அறையில் ஐந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும், கதவைத் திறந்து வைத்துப் பேசுவார்கள், அறை கட்டியதே வீண்.

வரவு செலவு கட்டுப்படியாகுமா?

இருக்கை வாடகையை மட்டும் நம்பினால் சின்ன ஊரில் கட்டுப்படியாகாது. தொடங்கும் முன்பே இதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாதிரிக் கணக்கு ஒன்று. உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திரும்பப் பாருங்கள். 1,500 சதுர அடி, சதுர அடிக்கு 15 ரூபாய் வாடகை: 22,500. மேலாளர் சம்பளம் 20,000. மின்கட்டணம் 18,000. துப்புரவு 7,000. இரண்டு இணைய இணைப்பு 6,000. டீ, குடிநீர், பழுது பார்ப்பு 6,500. ஆக 80,000 ரூபாய். இருக்கைக்கு மாதம் 3,000 என்றால் 27 பேர் வேண்டும். முப்பதில் 27 நிரம்புவது பெருநகரத்திலேயே எளிதல்ல.

வாடகை மட்டும் இல்லை என்றால் செலவு 57,500. இருபது பேர் போதும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால் சமாளிக்கலாம். ஆகவே உள்ளாட்சியோ சங்கமோ உதவ நினைத்தால் திறப்பு விழாவுக்கும் அலங்காரத்துக்கும் பணம் தருவதைவிடக் கட்டடத்தை மூன்று வருடம் வாடகையின்றித் தருவதே பெரிய உதவி. தொடங்கும்போது ஒரே தடவையாகப் பெரும் தொகை கொடுத்துவிட்டு அடுத்த மாதம் முதல் திரும்பிப் பார்க்காமல் விடுவதால்தான் பூட்டுத் தொங்குகிறது.

தனியார் கட்டடம்தான் என்றால் வேறு வருமானம் சேர்க்க வேண்டும். சந்திப்பு அறையை மணிக்கணக்கில் விடலாம். காப்பீட்டு முகவர்கள், நேர்முகத் தேர்வு நடத்தும் நிறுவனங்கள், கணக்குத் தணிக்கையாளர்கள் எடுப்பார்கள். சனி ஞாயிறு டேலி, எக்செல் வகுப்புக்கு ஹாலை விடலாம். பூட்டக்கூடிய ஆறு இருக்கை அறை ஒன்றை முழுதாக ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் உறுதியான வருமானம். மெடிக்கல் கோடிங் போன்ற வேலைகளில் வாடிக்கையாளரின் தரவு ஒப்பந்தமே தனி அறை கேட்கும், எனவே தேவை இருக்கிறது. ஆனால் ஒரே நிறுவனம் மொத்த இருக்கையில் பாதிக்கு மேல் எடுக்க விடாதீர்கள். அந்த நிறுவனம் விலகிய மாதமே இடத்தையும் மூட நேரும்.

நகராட்சிக் கட்டடத்தைக் கொடுத்தால் யார் நடத்துவது?

கடை ஏலம் போல அதிக வாடகை கேட்பவருக்கு விட்டால் நோக்கமே போய்விடும். எடுத்தவர் வாடகையை மீட்க இருக்கைக் கட்டணத்தை ஏற்றுவார், அல்லது ஆறு மாதத்தில் டியூஷன் சென்டராக மாற்றிவிடுவார். நகராட்சி ஊழியரை வைத்தே நடத்துவதும் சரிவராது. பில் கலெக்டருக்குக் கூடுதல் பொறுப்பாகத் தரப்பட்ட இடம் ஐந்து மணிக்கு மூடும்.

கட்டடம் உள்ளாட்சியின் பெயரில் இருக்கட்டும். வணிகர் சங்கம், கல்லூரி, மகளிர் குழுக் கூட்டமைப்பு, அனுபவமுள்ள தனியார் என்று யாரிடமாவது நடத்தும் பொறுப்பை எழுத்தில் கொடுங்கள். இருக்கைக் கட்டணத்தின் உச்சவரம்பு, திறந்திருக்கும் நேரம், இணையம் இத்தனை மணி நேரத்துக்கு மேல் தடைபட்டால் என்ன தண்டம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு ஒப்படைப்பு ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாடகைக்குப் பதில், செலவு போக மிஞ்சும் லாபத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் இருவருக்கும் நியாயம்.

என்னென்ன பதிவு, அனுமதி வேண்டும்?

உள்ளாட்சியின் தொழில் உரிமம், வணிகப் பயன்பாட்டுக்கான சொத்து வரி, விரும்பினால் உத்யம் எனப்படும் சிறு தொழில் பதிவு. மின் இணைப்பு வீட்டு வகையில் இருந்தால் வணிக வகைக்கு மாற்றியே ஆக வேண்டும். வீட்டு இணைப்பில் ஓட்டிப் பிடிபட்டால் வரும் அபராதம் ஒரு வருட மிச்சத்தைத் தின்றுவிடும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கோ-வொர்க்கிங் கட்டணத்துக்கு வரி 18 சதவீதம். மேலே சொன்ன அளவில் உள்ள இடம் அந்த வரம்புக்குக் கீழேதான் நிற்கும். ஆனாலும் உள்ளீட்டு வரிச் சலுகை (உங்களிடம் கட்டும் ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) கேட்கும் நிறுவனங்கள் வந்தால், நீங்களாகவே முன்வந்து பதிவு செய்துகொள்வது பற்றி யோசிக்கலாம்.

தனியார் கட்டடத்தை எடுக்கும்போது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். பிறருக்கு இருக்கை கொடுக்க உரிமையாளர் சம்மதிக்கிறார் என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். உறுப்பினர்களோடு நீங்கள் போடுவது வாடகை ஒப்பந்தமாக இருக்கக் கூடாது, பயன்படுத்தும் உரிமம் மட்டும். இல்லாவிட்டால் கட்டணம் கட்டாத ஒருவரை எழுப்புவது வாடகைத் தகராறாக மாறிவிடும்.

எங்கள் முகவரியில் ஜிஎஸ்டி பதிவு செய்துகொள்கிறேன் என்று கேட்கிறார்களே?

உண்மையில் இருக்கை எடுத்து வேலை செய்பவருக்குக் கொடுக்கலாம். உரிம ஒப்பந்தம், சம்மதக் கடிதம், மின்கட்டண ரசீது அல்லது சொத்து வரி ரசீது ஆகியவை தேவைப்படும். முகவரி மட்டும் போதும், ஆள் வரமாட்டேன் என்பவருக்குக் கொடுக்காதீர்கள். அதிகாரி நேரில் வந்து பார்க்கும்போது அங்கே நிறுவனத்தின் பெயர்ப் பலகையும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அந்த ஒருவரின் பதிவோடு நிற்காது. அதே முகவரியில் உள்ள மற்றவர்களும் விளக்கம் சொல்ல நேரும்.

பெண்கள் வர என்ன செய்ய வேண்டும்?

சின்ன ஊரில் கோ-வொர்க்கிங்கால் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் திருமணத்துக்குப் பின் வேலையை விட்ட பட்டதாரிப் பெண்கள். சென்னைக்கு அவர்களால் போக முடியாது, வீட்டில் கணினி முன் உட்கார்ந்தால் அதை வேலை என்று யாரும் மதிப்பதில்லை. வெளியே போய்ச் செய்யும் வேலைக்குக் குடும்பம் கொடுக்கும் மரியாதை வேறு. இதை நாங்கள் முக்கியமான காரணமாகவே பார்க்கிறோம். ஆனால் ‘பெண்களை வரவேற்கிறோம்’ என்று பலகை வைத்தால் வரமாட்டார்கள்.

2021 மே முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து நிற்கும் இடத்தில் இருந்து ஐந்து நிமிட நடையில் இடம் இருந்தால் அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவே கிடையாது. படிக்கட்டில் விளக்கு எரிய வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழி ஆண்கள் கூடிப் பேசும் இடம் வழியாக இருக்கக் கூடாது. உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்க வேண்டும். காலை 9:30 முதல் 3 வரை அரைநாள் கட்டணம் ஒன்று வையுங்கள், பள்ளி விடும் நேரத்துக்கு வீட்டில் இருக்க முடியும். மேலாளர் பெண்ணாக இருந்தால் மாமியார் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவார், அதுவும் முக்கியம்.

பாலியல் தொல்லை புகாருக்கு யாரை அணுகுவது என்று கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக ஊழியர் உள்ள இடத்தில் உள்ளகக் குழு கட்டாயமில்லை. புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். உறுப்பினர் ஒரு நிறுவனத்தின் ஊழியர் என்றால் தன் நிறுவனத்தின் குழுவையும் அணுகலாம்.

டிஎன்பிஎஸ்சி படிக்கும் மாணவர்களுக்கும் இடம் தரலாமா?

தரலாம், ஆனால் தனி அறையில். கொளத்தூரிலும் படிப்பிடம் வேறு, பணியிடம் வேறு. படிப்பவருக்கு முழு அமைதி வேண்டும், பணி செய்பவர் பேசியே ஆக வேண்டும். ஒரே ஹாலில் போட்டால் முதல் வாரமே சண்டை. மாணவர்களிடம் மாதம் 3,000 வாங்க முடியாது. அவர்களுக்கான செலவைத் தனிக் கணக்காக வைத்து நூலக நிதியிலோ நன்கொடையிலோ எடுங்கள்.

எத்தனை மணி வரை திறந்து வைப்பது?

உங்கள் உறுப்பினர்களின் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மதியம் 1:30, குளிர்காலத்தில் 2:30. நியூயார்க்கில் காலை 9 என்றால் நமக்கு மாலை 6:30 அல்லது 7:30. அமெரிக்க வேலை செய்பவர்கள் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் இரவு 11 வரை திறக்கலாம், ஒரு காவலாளியோடு. அந்தக் கூடுதல் செலவை அவர்கள் கட்டணத்திலேயே சேருங்கள். பகல் உறுப்பினர் தலையில் போடாதீர்கள். தொடக்கத்தில் காலை 8 முதல் இரவு 8 வரை போதும்.

மேலாளர் என்ன வேலை செய்வார்?

சாவி வைத்திருப்பதற்கு ஆள் தேவையில்லை. ஊருக்கு லாபம் வருவது மேலாளரால்தான். அலங்காரத்தில் ஒரு லட்சம் குறைத்து அவர் சம்பளத்தை ஐயாயிரம் ஏற்றுங்கள். ஜவுளிக் கடைக்காரருக்கு இணையதளம் வேண்டும் என்று தெரிந்தால் உள்ளே இருக்கும் வடிவமைப்பாளரிடம் அவர் கொண்டுபோய் விட வேண்டும். புதிதாக வந்தவருக்கு ஜிஎஸ்டி ஆலோசகர் இதோ மூன்றாவது மேசையில் இருக்கிறார் என்று காட்ட வேண்டும். புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்கு மதுரை, ஈரோடு, திருநெல்வேலி உள்ளிட்ட ஊர்களில் வட்டார மையங்கள் இருக்கின்றன. தொழில் தொடங்கும் உறுப்பினரை அங்கே அனுப்பிவைப்பது, மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் பற்றி விசாரித்துச் சொல்வது எல்லாம் அவர் வேலை. மாதம் ஒரு மாலை, உள்ளூர்க் கடைக்காரர்களையும் உறுப்பினர்களையும் ஒன்றாக உட்கார வைத்தாலே இரண்டு மூன்று வேலை கைமாறும்.

வெற்றியை எப்படி அளப்பது?

எத்தனை இருக்கை நிரம்பியது என்பது நடத்துபவரின் கணக்கு. ஊரின் கணக்கு வேறு. சேரும்போதே மூன்று கேள்வி கேட்டு எழுதி வையுங்கள்: உங்கள் வருமானம் ஊருக்கு வெளியில் இருந்து வருகிறதா? இந்த இடம் இல்லாவிட்டால் வெளியூர் போயிருப்பீர்களா? இங்கே வந்தபின் உள்ளூரில் யாருக்காவது வேலை கொடுத்தீர்களா?

20 பேர், சராசரி 40,000 ரூபாய் என்று பெருக்கி “மாதம் எட்டு லட்சம் ஊருக்கு வந்தது” என்று சொல்வது தவறு. அவர்களில் 14 பேர் எப்படியும் வீட்டில் இருந்து இதே வேலையைச் செய்திருப்பார்கள் என்றால், உங்கள் இடத்தால் வந்தது ஆறு பேரின் 2,40,000 மட்டும். அந்தச் சின்ன எண்ணைச் சொல்லுங்கள். வாடகையின்றி விட்டுக்கொடுத்த 22,500 ரூபாயோடு ஒப்பிட்டால் அதுவே பத்து மடங்குக்கு மேல். மன்றக் கூட்டத்தில் யார் கேட்டாலும் நின்று பதில் சொல்ல முடிகிற எண் அது.

ஒன்றரை வருடமாகியும் நிரம்பவில்லை என்றால்?

முதலில் விலகியவர்களுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். இணையம், கரன்ட், சத்தம் என்று பதில் வந்தால் சரிசெய்யலாம். ‘கம்பெனி திரும்ப ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டது’ என்று பெரும்பாலோர் சொன்னால் கட்டணத்தைக் குறைத்துப் பயனில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் இருக்கை, வெள்ளி திங்கள் மட்டும் இருக்கை என்று துண்டாக விற்றுப் பாருங்கள். பாதி ஹாலைப் பயிற்சி வகுப்புக்கு மாற்றலாம். இருபதில் எட்டுப் பேர் கூட இல்லை, பயிற்சிக்கும் ஆள் இல்லை என்றால் மூடுவதுதான் சரி. உறுப்பினர்களுக்கு இரண்டு மாத அறிவிப்பு கொடுங்கள், முன்பணத்தைத் திருப்புங்கள். மிஞ்சியிருப்பவர்களுக்கு ஒரு சின்ன அறையையும் ஓர் இணைப்பையும் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, மீதி மேசை நாற்காலி, பேட்டரியைக் கிளை நூலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அரசுப் பணத்தில் வாங்கியவை என்றால் அவற்றுக்கான இருப்புப் பதிவேட்டை முதல் நாளில் இருந்தே எழுதி வந்திருக்க வேண்டும்.